அந்தோணிதாஸ் குடிக்கவில்லை

கரும்பலகையில் மெர்லின் வரைந்திருந்தது பார்ப்பதற்குக் கத்தரிக்காயின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. அதற்கு எதிரே வளைந்த ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பலகை.

"இந்தக் கத்தரிக்கா ஒரு நரம்பு செல்லோட முனை. எதிர்ல இருக்கிறது அடுத்த செல். ரெண்டும் ஒட்டிக்கினு இல்ல, பாத்துக்குங்க. நடுவுல சந்து இருக்கு. இந்த எடத்துக்குப் பேருதான் சினாப்ஸ். நரம்புல கரண்டு மாதிரி ஓடியாந்த சேதி இங்க வந்து நின்னுடும். சந்தைத் தாண்ட அதால முடியாது."

"அப்புறம் எப்படி மிஸ் போவும்?" என்றாள் முன்பெஞ்சு சந்தியா.

"முனையில குட்டிக் குட்டிப் பைங்க இருக்கு. சேதி வந்து தட்டினதும் அந்தப் பைங்க வாயைத் தொறந்து, உள்ள இருக்கிற வேதிப்பொருளைச் சந்துல கொட்டும். எதிர்ச் சுவத்துல ஏற்பிங்க காத்துக்கினு இருக்கும். வேதிப்பொருள் ஏற்பியில வந்து உக்காந்ததும் கதவு தொறக்கும், சோடியம் உள்ள பாயும், அடுத்த செல் முழிச்சுக்கும். இது தூண்டுற சேதி. எழுந்திரு, வேலையைப் பாருன்னு சொல்ற சேதி. அடக்குற சேதி வேற ஒண்ணு இருக்கு. அதை நாளைக்குப் பாக்கலாம்."

கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிற அந்த அரசுப் பள்ளியில் மெர்லின் தற்காலிக ஆசிரியை. எம்.எஸ்சி. விலங்கியல். அவள் தெருவில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், அங்கே கட்டட வேலைக்குப் போனவர்கள் மட்டும்தான். புத்தகத்தில் இருப்பதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்து மார்க் வாங்கிய காலத்தில் அவளுக்கு சினாப்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாமலேயே பத்து மார்க்கும் வாங்கினாள். அந்த எரிச்சலில்தான் இப்போது கத்தரிக்காய் வரைகிறாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மா. பள்ளிக்கூட நேரத்தில் ராணியம்மாள் கூப்பிடுகிற ஆள் இல்லை. மெர்லின் வராந்தாவுக்குப் போனாள்.

"ஏய் மெர்லினு, அப்பா கொல்லை வேலையிலேர்ந்து ஒரு மாதிரியா வந்துக்கிறாருடி. தள்ளாடிக்கினு வந்தாரு. வாயில எச்சி ஒழுவுது. கண்ணுல தண்ணியா கொட்டுது. பேசுனா கொழறுது."

"குடிச்சிட்டு வந்துருப்பாரு. மோர் குடுத்துப் படுக்க வை. கிளாஸ்ல இருக்கேன்."

"இல்லடி, சாராய வாசனை மாதிரி..."

"அம்மா, வை."

வைத்துவிட்டாள். அப்பா அந்தோணிதாஸ் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கள்ளச்சாராயம் இந்த மாவட்டத்தில் வீடு வீடாகப் புகுந்து ஆளை எடுத்த அந்த ஜூன் மாதத்தில் அவருடைய கூட்டாளி ஒருவரும் போய்ச் சேர்ந்தார். காட்டுக்குப் போய் அடக்கத்தை முடித்துவிட்டு வந்தவர், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "இனிமே இல்ல" என்றார். அவ்வளவுதான். மாதா கோயிலில் போய் மண்டி போடவில்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. அப்படி எதுவும் செய்யாததால் ஊரில் யாரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மெர்லின் மட்டும் நம்பினாள். நம்பியதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்புக்குத் திரும்பினாள்.

"எங்க வுட்டேன்? ம். சேதி சொல்லியாச்சு. அடுத்து இன்னா ஆவணும்? கண்டக்டர் விசில் குடுத்தா டிரைவர் வண்டியை எடுக்கிறாரு. அந்த ஆளு விசிலை வாயிலேர்ந்து எடுக்காம ஊதிக்கினே இருந்தா?"

"டிரைவர் எறங்கி வந்து ஒண்ணு வைப்பாரு மிஸ்," என்றது பின்பெஞ்சு. வகுப்பு சிரித்தது. மெர்லினும் சிரித்தாள்.

"சரிதான். அதனால சொன்ன சேதியை உடனே தொடைக்கணும். நரம்பு தசையோட பேசுற எடத்துல கொட்டுறது அசிட்டைல்கோலின். அதை வெட்டிப் போடுறதுக்குன்னே அங்க ஒரு நொதி உக்காந்திருக்கு. வேலை முடிஞ்சதும் வெட்டிடும். சந்து காலி. அடுத்த சேதிக்கு ரெடி."

"அந்த நொதியை யாராச்சும் புடிச்சுக் கட்டிப்போட்டுட்டா மிஸ்?" சந்தியாதான் மறுபடியும்.

"அப்ப சேதி ஓயாது. எழுந்திரு எழுந்திருன்னு கத்திக்கினே இருக்கும். எச்சில் சுரப்பிக்கு இதே மாதிரி சேதி போவுதில்ல, அது சுரந்துக்கினே இருக்கும். வாயில ஒழுவும். கண்ணுல தண்ணி கொட்டும். தசை தன்னால துடிக்கும், நடந்தா தள்ளாடும், நாக்கு கொழறும்..."

சாக்பீஸ் பலகையிலேயே நின்றுவிட்டது.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். மிஸ் பலகையைப் பார்த்தபடியே நிற்பதைப் பார்த்துச் சந்தியா மெதுவாகக் கேட்டாள். "கட்டிப்போடுறது எது மிஸ்?"

"பூச்சி மருந்து," என்றாள் மெர்லின். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள். "அப்பா இன்னிக்கு இன்னா வேலைக்குப் போனாரு?"

"அன்புச்செல்வன் கொல்லையில சோளத்துக்கு மருந்தடிக்க. பச்சமுத்தும் கூடப் போச்சு."

"உடனே சட்டையைக் கழட்டு. கைலியையும். சோப்பு போட்டுக் குளிப்பாட்டு. இப்பவே."

"இத்தினி பேரு கூட இருக்காங்கடி. மொதலாளி வண்டியில ஏத்திட்டாரு. ஆசுபத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். மேலுக்கு நடுங்குதுன்னு போர்வையைச் சுத்தி வுட்டுருக்கேன்."

விஷத்தில் ஊறிய சட்டைக்கு மேலே போர்வை. மெர்லின் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சில் அந்தோணிதாஸைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கழுத்துவரை போர்வை. மோவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ராணியம்மாள். கொஞ்சம் தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிய அன்புச்செல்வன், கொல்லைக்குச் சொந்தக்காரர், நர்ஸ் கண்ணகியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பச்சமுத்து. கார்த்திகை பிறந்ததிலிருந்து பச்சமுத்து ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால்.

"மலைப்பக்கமிருந்து எவனாவது பாக்கெட்டு கொண்டாந்துருப்பான் சிஸ்டர்," என்றார் அன்புச்செல்வன். "நம்ம கொல்லையில வெறும் வேப்பெண்ணெதான் அடிக்கிறோம். அதுல ஈ கூட சாவாது. சாமிகிட்ட வேணா கேளுங்க. இன்னா சாமி?"

சாமி என்றது பச்சமுத்துவை. போன மாதம் வரைக்கும் அவனுக்கு 'டேய்' என்றுதான் பெயர். மாலை போட்ட அன்றிலிருந்து அன்புச்செல்வனும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். "சாமி, டேங்கை ரொப்பு சாமி", "சாமி, மாட்டைப் புடிச்சுக் கட்டு சாமி" என்று கொல்லையில் அவர் ஏவுவதைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த அந்தோணிதாஸுக்கு மட்டும் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் 'டேய் அந்தோணி'தான். அந்த வீட்டில் மாலை போடுகிற வழக்கம் இல்லை.

பச்சமுத்து தலையை ஆட்டினான். எப்படி ஆட்டினான் என்று சொல்ல முடியாத ஆட்டல்.

"டாக்டர் எங்க?" என்றாள் மெர்லின்.

"நீங்க?"

"அவரு பொண்ணு."

"டாக்டர் மலை மேல கரியாலூருக்கு முகாமுக்குப் போயிருக்காரு," என்றாள் கண்ணகி. முகத்தில் பயம் தெரிந்தது. "போன்ல கேட்டேன். சாராய கேஸ்னா எதுவும் பண்ண வேணாம், ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டு நூத்தியெட்டுல ஏத்தி அனுப்புங்கன்னாரு. அப்புறம் லைனே கெடைக்கல. நூத்தியெட்டு மேல ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு. எறங்கி வரணும்."

சாராயம் என்ற ஒரு சொல் போதும், இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் கை உதறும். போலீஸ் வரும், தாசில்தார் வருவார், டிவி மைக் வரும். எவனும் தன் கையில் ஒரு சாராய உடம்பு இருக்க விடமாட்டான். செத்தவர்களுக்கு இந்த ஜனங்கள் காட்டிய மரியாதை இதுதான். இனி எவன் தள்ளாடினாலும் கிட்டப் போகாதே.

"கண்ணைத் தொறந்து பாத்தீங்களா சிஸ்டர்?"

மெர்லின் அப்பாவின் இமையைத் தூக்கினாள். கண் முழுக்கத் தண்ணீர். கருவிழிக்கு நடுவில் கண்பாப்பா கடுகை விடச் சின்னதாக, குண்டூசி குத்தின புள்ளி மாதிரி இருந்தது.

"கெட்ட சாராயம்னா பாப்பா விரிஞ்சு இருக்கும். இது சுருங்கிக் கெடக்கு. மருந்துதான். விஷத்தை முறிக்கிற ஊசி, அட்ரோபின், இருக்கில்ல உங்ககிட்ட? போடுங்க."

"டாக்டர் சொல்லாம நான் எப்படிம்மா போடுறது? நீங்க இன்னா படிச்சிருக்கீங்க, எம்பிபிஎஸ்ஸா?"

"எம்.எஸ்சி. ஜுவாலஜி."

அன்புச்செல்வன் சிரித்தார். "தவளை அறுக்கிற படிப்பு சிஸ்டர் அது. டேய் அந்தோணி, உம் பொண்ணு உன்னையும் தவளையாக்கிடுச்சு பாரு."

அந்தோணிதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சுதான் வந்தது. உறிஞ்சுகுழலில் கடைசி வாய் சர்பத்தை இழுக்கிற சத்தம். நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டிருந்தது. அட்ரோபின் போடாவிட்டால் அப்பா தன் எச்சிலிலேயே மூழ்கிப்போவார் என்று மெர்லினுக்குத் தெரிந்தது. அந்தப் பாடத்தில் அவள் நூற்றுக்கு எண்பத்தொன்பது. அந்த எண்பத்தொன்பதை இங்கே யாரும் ஒரு பைசாவுக்கு வாங்கமாட்டார்கள்.

அவளால் ஊசி போட முடியாது. சட்டையைக் கழற்ற முடியும். சட்டை ஒட்டியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தோல் வழியாக விஷம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. போர்வையை உருவி எறிந்தாள்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்றாள் ராணியம்மாள்.

"புடி, குழாயாண்ட கூட்டிக்கினு போலாம்."

"பொம்பளப் புள்ளடி நீ. அப்பன்டி அது."

"அப்பன்னுதான் அவுக்கிறேன். நகரு."

வாசலில் மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலம் கெட்டுப்போச்சு," என்றது ஒரு குரல். சட்டைப் பித்தான் ஈரத்தில் வழுக்கியது. கத்தரிக்கோலை யாரோ நீட்டினார்கள். கண்ணகி. கூடவே ஒரு ஜோடி கையுறை, பாதி தேய்ந்த சிவப்பு சோப்பு. கொடுத்துவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு போனாள்.

மெர்லின் சட்டையை முதுகுப் பக்கம் நெடுக வெட்டினாள். தோளிலிருந்து இடுப்புவரை முதுகு முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. முதுகில் மாட்டின மருந்து டேங்க் ஒழுகியிருக்கிறது. காலையிலிருந்து ஒழுகியிருக்கிறது. அந்த நெடி அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். மருந்தடிக்கிற நாட்களில் அப்பா அந்த நெடியோடுதான் வீட்டுக்கு வருவார், அதோடுதான் அவளைத் தூக்குவார். அந்தக் கையால்தான் அவளுக்கு ஆரஞ்சு மிட்டாய் உரித்துக் கொடுத்தார். அப்போதெல்லாம் யாருக்கும் மானம் போகவில்லை. கந்தல் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஒருத்தன் விஷத்தை முதுகில் சுமந்து ஊர்ச் சோளத்தைக் காப்பாற்றும்போது வராத மானம், அவன் மகள் அவன் முதுகைத் தேய்க்கும்போது எல்லோருக்கும் வந்துவிட்டது.

கைலியையும் வெட்டி, அம்மாவிடம் முந்தானையை மறைவாகப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தேய்த்தாள். தலை, அக்குள், நகக்கண், முதுகு. தண்ணீர் ஊற்ற ஊற்ற, தோலுக்கு அடியில் சதை தன்பாட்டுக்குத் துடித்தது. தொடையில், தோளில், கன்னத்தில். ஒவ்வொரு துடிப்பும் ஒரு விசில். நிறுத்துவதற்கு ஆள் இல்லாத விசில்.

"பச்சமுத்து அண்ணே," என்றாள் தேய்த்துக்கொண்டே. பிறகு திருத்திக்கொண்டாள். "சாமி. டேங்க்ல இன்னா ஊத்துனீங்க?"

பச்சமுத்து அன்புச்செல்வனைப் பார்த்தான். "வேப்பெண்ணெ..." என்றான். துண்டால் மூக்கைத் துடைத்தான். வாயைத் துடைத்தான். மறுபடி மூக்கை.

மெர்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கார்த்திகை மாசத்து வாடைக்காற்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பச்சமுத்துவின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. சந்தனம் கரைந்து புருவத்தில் வழிந்திருந்தது.

"கண்ணைக் காட்டு," என்று எழுந்து அவனிடம் போனாள்.

ராணியம்மாள் பதறினாள். "மாலை போட்டுக்கினு இருக்குடி. தொடாத."

"சிஸ்டர், டார்ச்சு எடுத்தாங்க."

கண்ணகி வந்தாள். "சாமி, இப்படித் திரும்புங்க சாமி," என்று தொடாமலேயே வெளிச்சத்தை அடித்தாள். பிறகு போய் அந்தோணிதாஸின் இமையைத் தூக்கி அடித்தாள். மறுபடி பச்சமுத்து. அதற்குள் அவன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். துளசிமாலை முன்னால் தொங்கி ஆடியது.

"ஏங்க," என்றாள் மெர்லின் அன்புச்செல்வனைப் பார்த்து. குரல் உயரவில்லை. "இந்தச் சாமியும் சாராயம் குடிச்சிட்டாருங்களா?"

அன்புச்செல்வன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். மாலை போட்டவனைப் பார்த்துக் குடித்திருக்கிறான் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரு நாக்கும் எழாது. சொன்னவன் குடும்பம் விளங்காது என்பார்கள்.

பச்சமுத்து நிமிர்ந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தரையிடம் சொன்னான்.

"வேப்பெண்ணெ இல்லம்மா. ரெண்டு மருந்து. கடையில அளந்து ஊத்திக் குடுத்தது, பேரு தெரியல. படைப்புழு சாவல, மூடிக்கணக்கு பாக்காத, ஜாஸ்தி ஊத்துன்னாரு மொதலாளி. டேங்க் ஒழுவுதுன்னு அந்தோணி அண்ணன் அப்பவே சொன்னாரு. வாசர் வாங்கி மாட்டணும், ஒரு மணி நேரம் குடுங்கன்னாரு. மழை வந்துடும், அடிச்சி முடிச்சிட்டு மாட்டிக்கலாம்னு... நான் பொய் சொல்லிட்டேன். மாலையோட பொய் சொல்லிட்டேன்."

"டேய்," என்று ஆரம்பித்த அன்புச்செல்வன், "சாமி" என்று முடித்தார்.

அப்போது கண்ணகியின் போன் அடித்தது. மலையில் எங்கோ ஒரு மேட்டில் டவர் கிடைத்து டாக்டர் பிரவீன்குமார் கூப்பிட்டார். கண்ணகி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் நூத்தியெட்டு வரலையா?"

"வரல சார். சார், அது சாராயம் மாதிரி தெரியல. பியூப்பில் குண்டூசி முனையா இருக்கு. எச்சில், வேர்வை, தசைத்துடிப்பு எல்லாம் இருக்கு. ஓ.பி. பாய்சன் சார், பூச்சி மருந்து."

"குடிச்சிருப்பான், அதோட மருந்தும் அடிச்சிருப்பான். ரெண்டும் சேர்ந்திருக்கும். நாம தொட்டா நாளைக்கு நம்ம தலையில..."

"கூட வேலை செஞ்சவருக்கும் அதேதான் சார். அவரு மாலை போட்டிருக்காரு."

மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது.

"சாமியா?"

"ஆமா சார்."

"அப்ப சாராயம் இல்ல. மருந்துதான். அட்ரோபின் ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு பேருக்கும். பெரியவருக்கு நெஞ்சு காயற வரைக்கும் டபுள் பண்ணிக்கினே போங்க. ஆக்சிஜன் வைங்க. நான் எறங்கி வரேன்."

கண்ணகி உள்ளே ஓடினாள். மெர்லின் சோப்பு நுரைக் கையோடு அங்கேயே நின்றாள். சாமியா. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. குறுகின பாப்பாவால் முடியாதது, அவள் எம்.எஸ்சி.யால் முடியாதது, வெள்ளை வெள்ளையாக நனைந்த சட்டையால் முடியாதது, ஒரு வருஷமாக ஒரு சொட்டுத் தொடாத அந்தோணிதாஸால் முடியாதது, ஒரு கறுப்புத் துணியால் முடிந்தது. பச்சமுத்து இந்தக் கார்த்திகையில் மாலை போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இரண்டு குடிகாரர்கள் செத்திருப்பார்கள். நாளைக்குப் பேப்பரிலும் அப்படித்தான் வந்திருக்கும்.

ஊசி ஏறியது. மறுபடி ஏறியது. மறுபடியும். அட்ரோபின் சேதியை நிறுத்தாது. கேட்கிற காதைப் பொத்தும், அவ்வளவுதான். சந்தில் அசிட்டைல்கோலின் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தோணிதாஸின் நெஞ்சில் இருந்த சர்பத் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கண்ணகி ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு மெர்லினைப் பார்த்தாள். "காயுது," என்றாள். பிறகு, "மொதல்லயே நான் கண்ணைப் பாத்துருக்கணும்," என்றாள். மெர்லின் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள்.

நூற்றியெட்டு இறங்கி வந்து கொண்டுபோய்ச் சேர்த்த கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தோணிதாஸ் தொண்டையில் குழாயோடு கிடந்தார். அட்ரோபின் மயக்கத்தில் அவருடைய இடது கை காற்றில் மேலும் கீழும் போய்வந்தது. பேட்டரி டேங்க் வருவதற்கு முந்திய பழைய கைப்பம்பை அடிக்கிற அசைவு. பதினைந்து வருஷம் அடித்த கை, மயக்கத்திலும் யாருடைய கொல்லைக்கோ அடித்துக்கொண்டிருந்தது. கழுத்துத் தசை சோர்ந்து, தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமல் கிடந்த நாளில்தான் மெர்லின் ரொம்பப் பயந்தாள். பிறகு அது தேறியது.

ஊருக்குள் கதை அதற்குள் காய்த்துப் பழுத்துவிட்டது. ஐயப்பனே வந்து அந்தோணியைக் காப்பாற்றினாராம். வேதக்காரன் என்றுகூடப் பார்க்கவில்லையாம். ராணியம்மாளே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஐயப்பனுக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டாள்.

"சாமிக்கு இன்னாத்துக்குத் தேங்கா?" என்றாள் மெர்லின். "டேங்க்கு வாசர் வாங்கி மாட்டியிருந்தா சாமி எறங்கி வர வேண்டியதே இல்லையே."

"எல்லாத்துக்கும் கோவப்படாதடி. உசுரு வந்துதில்ல."

கோபப்பட அவளிடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அன்புச்செல்வன், மேட்டிலிருந்து பேசிய டாக்டர், 'காலம் கெட்டுப்போச்சு' என்ற குரல். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெயர் இருந்தது. "குடிச்சிட்டு வந்துருப்பாரு, மோர் குடு" என்று சொல்லி போனை வைத்தவள். இவர்கள் யாரும் அந்தோணிதாஸின் மகள் இல்லை. அவள்தான் மகள்.

குழாயை எடுத்த அன்று மத்தியானம் ஏட்டு வந்தார். விஷம் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் விசாரித்தே ஆக வேண்டும். கூடவே அன்புச்செல்வனும் ஆப்பிள் பையோடு வந்தார். தற்செயலாக வழியில் பார்த்தாராம். பக்கத்து வார்டில் தேறிக்கொண்டிருந்த பச்சமுத்துவையும் ஏட்டு அழைத்து வரச் செய்திருந்தார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

ஏட்டு கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. இன்னா குடிச்சாரு? சாராயமா, மருந்தா?"

"ரெண்டும் இல்ல சார்," என்றாள் மெர்லின்.

"ஏதாவது ஒண்ணு குடிச்சாதானம்மா இங்க வருவாங்க."

"குடிக்காமலும் வருவாங்க. முதுவு மேல ஒழுவுனா வருவாங்க."

ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பினார். "சாமி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பச்சமுத்து வாயைத் திறந்தான். மெர்லின் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம் அண்ணே. நீ சொன்னது போதும், நல்லது பண்ண. சார், படுத்துக்கினு இருக்கிறது எங்கப்பா. அவரைக் கேளுங்க."

"அவராலதான் பேச முடியலையே."

"பேசற வரைக்கும் இருங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இதுதான் சார் உங்க வேலை."

அன்புச்செல்வன் ஆப்பிள் பையை மேசையில் வைத்தார். குரலைத் தேன்மாதிரி ஆக்கிக்கொண்டார். "அந்தோணி, அவசரப்படாத. யோசிச்சு சொல்லு. இன்னிக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்குச் சரியாவும். நாளைக்கும் கொல்லை இருக்கும், வேலை இருக்கும்."

ராணியம்மாள் மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். விட்டுடுடி என்று அர்த்தம். மெர்லின் அப்பாவைப் பார்த்தாள். அவரே "வுட்டுடும்மா" என்று சொல்லிவிடக்கூடும். ஆயுசு முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதிலாகப் பேச அவளுக்கு நாக்கு துருதுருத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தோணிதாஸ் கண்ணைச் சுற்றி ஓட்டினார். ஏட்டு, அன்புச்செல்வன், மாலை, மகள். குழாய் கிடந்த தொண்டை. எச்சில் விழுங்கவே முகம் சுளித்தது. எச்சில் என்று ஒன்று இப்போது அவர் வாயில் கொஞ்சம்தான் இருந்தது.

"குடிக்கல," என்றார். தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு குரல்.

ஏட்டு குனிந்தார். "இன்னா?"

"குடிக்கல. போன வருஷம் வுட்டேன். வுட்டதுதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "டேங்க் ஒழுவுச்சு. ஒழுவுதுன்னு சொன்னேன். இவருகிட்டதான் சொன்னேன். கேக்கல."

'இவரு' என்றபோது விரலைக் கூடத் தூக்கவில்லை, கண்ணால்தான் காட்டினார். அன்புச்செல்வன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஏட்டு பேனாவை எடுத்தார். எழுதவில்லை. பழக்கம் விடவில்லை, கழுத்து தன்னால் பச்சமுத்து பக்கம் திரும்பியது, சரிதானா என்று கேட்பதற்கு.

மெர்லின் நாற்காலிக்கும் பச்சமுத்துவுக்கும் நடுவில் வந்து நின்றாள். ஏட்டின் கண்ணுக்கு இப்போது கறுப்புத்துணி தெரியவில்லை.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க சார்," என்றாள். "இவரைப் பாத்து எழுதுங்க."